நாற்பத்தொரு பச்சைக் கற்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் அந்த மாதம் வீட்டுக்கு வந்தவர்களிடம் யாரும் சுகம் விசாரிக்கவில்லை. "உங்களுக்கு எத்தினை விழுந்தது?" என்றுதான் கேட்டார்கள்.

விழுந்தது பித்தக்கல். விழுத்தியவர் பிறெடி மாஸ்டர். காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கமாக ஒரு ஃபிளாட்டின் மூன்றாம் மாடியில் இருந்தார். கத்தியில்லை, இரத்தமில்லை. பேதி உப்பு, ஒலிவ் எண்ணெய், தேசிக்காய்ப் புளி, மாஸ்டரின் ஆசீர்வாதம், அவ்வளவுதான். மாலையில் குடித்தால் காலையில் பச்சைப் பச்சையாகக் கல். அதைக் கழுவி ஜாம் போத்தலில் போட்டுக்கொண்டு சனம் படிக்கட்டில் வரிசையாக நின்றது. லிஃப்ட் இருந்தது. படியேறினால்தான் கல் இளகும் என்பது மாஸ்டரின் கட்டளை.

"எனக்கு முப்பத்தேழு," என்றார் ஒருவர்.

"எனக்குப் பதினெட்டுத்தான்."

"ஐயோ பாவம். நம்பிக்கை காணாது போல."

பதினெட்டுக்குச் சொந்தக்காரர் நேசமலர். ஒப்பரேஷனுக்கு டொக்டர் கொடுத்த திகதியை மூன்றாம் முறையும் தள்ளிப்போட்டிருந்தார். கண் மஞ்சளாகிவிட்டது. "அது கல் கரையிற நிறம்," என்றார் மாஸ்டர். நேசமலர் நம்பினார்.

அவரின் பக்கத்து ஃபிளாட் செலீன், ஒப்பரேஷனுக்குப் போகச் சொல்லி அவரைக் கெஞ்சிப் பார்த்தாள். பலிக்கவில்லை. ஒரு மாலை தானும் அந்த மருந்தைக் குடித்துவிட்டு, மறுநாள் போத்தலோடு நேசமலருக்குப் பின்னால் வந்து நின்றாள்.

மாஸ்டர் போத்தலை வெளிச்சத்தில் பிடித்து எண்ணினார். "நாற்பத்தொண்டு! பிள்ளை, உம்மட பித்தப்பையில இனி ஒரு கல்லும் இல்லை."

"ஓம் மாஸ்டர், உண்மைதான். பித்தப்பையே இல்லை. ஆறு வருஷத்துக்கு முந்தி ஒப்பரேஷன் செய்து எடுத்தாச்சு. இந்தாங்கோ ஆஸ்பத்திரித் துண்டு."

மாஸ்டர் துண்டைத் தலைகீழாகப் பிடித்து வாசித்தார்.

"அப்ப இதெல்லாம் எங்கயிருந்து வந்தது?" நேசமலர் கேட்டார்.

"நீங்கள் குடிச்ச எண்ணெய்தான் அக்கா. வயித்துக்குள்ள கட்டிப்பட்டு வருது. உங்கட கல் இன்னும் உள்ளதான் இருக்கு." செலீன் ஒரு கல்லை எடுத்து மாஸ்டர் பக்கத்தில் சுடச்சுட வைத்திருந்த தேநீரில் போட்டாள். அது உருகி எண்ணெயாக மிதந்தது. "குடியுங்கோ மாஸ்டர்."

மாஸ்டர் குடிக்கவில்லை. பாதி வரிசை கலைந்தது.

"இல்லாத பையிலயிருந்தே நாற்பத்தொண்டு எடுத்திருக்கிறார்! மாஸ்டரின்ர கைராசியைப் பாருங்கோவன்," என்றார் முப்பத்தேழுக்காரர். மீதிப் பாதி தலையாட்டியது.

நேசமலர் தலையாட்டவில்லை. போத்தலைப் படியிலேயே வைத்துவிட்டு செலீனின் கையைப் பிடித்தார். "ஒரு ஓட்டோ பிடி பிள்ளை. ஆஸ்பத்திரிக்குப் போவம்."

செலீனிடம் இல்லாதது பித்தப்பை மட்டும்தான். படிக்கட்டில் இன்னும் நிற்பவர்கள் தங்களிடம் இல்லாதது எதுவென்று யோசிக்கலாம். யோசிப்பதற்கும் அதுதான் வேண்டும்.