ஒரு ‘இல்லை’ குறைந்த அறிவிப்பு

எங்கள் பால் நலத் துறையில் அறிவிப்பு எழுதும் மாண்புமிகு பொறுப்பு என்னுடையது. நான் எழுதியது யாருக்காவது ஒரே வாசிப்பில் புரிந்துவிட்டால் அன்று எனக்குச் சோறு இறங்காது.

அப்போது ஊருக்குப் பச்சைப் பால் மோகம் பிடித்திருந்தது. கண்ணாடிப் பாட்டிலின் கழுத்தில் சணல் கயிறு கட்டி, ‘உயிருள்ள பால்’ என்று விற்றார்கள். காய்ச்சினால் சத்தெல்லாம் செத்துவிடுமாம். படித்தவர்கள்தான் முண்டியடித்து வாங்கினார்கள். குழந்தைகளுக்கு அது ஆகாது என்று எச்சரிக்கும்படி எங்களுக்கு மேலிடத்து உத்தரவு வந்தது.

நகத்தைக் கடித்துக் கடித்து எழுதினேன்: ‘காய்ச்சப்படாத பால் இளங்குழந்தைகளுக்கு உகந்ததன்று எனக் கருத இடமில்லாமல் இல்லை.’

மேலதிகாரி வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். அலுவலகத்தில் சிக்கன நடவடிக்கை அமலில் இருந்த சமயம்.

“இல்லாமல் இல்லைன்னு ரெண்டு எதுக்கு? ஒண்ணை எடுத்துடுங்க.”

எடுத்தேன். ‘உகந்ததன்று எனக் கருத இடமில்லை.’ முன்னைவிடக் கம்பீரமாக இருந்தது. பொருள் குப்புறக் கவிழ்ந்தது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. முத்திரை குத்தி ஊரெல்லாம் ஒட்டினோம். பால் வியாபாரிகள் அதைப் பாட்டில் மேலேயே அச்சடித்துக்கொண்டார்கள். அரசின் எச்சரிக்கைக்கு இவ்வளவு மரியாதையா என்று பூரித்துப்போனேன். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜிலும் அப்படி ஒரு பாட்டில் இருந்தது. என் எழுத்து அச்சில் வந்த பெருமையில், உள்ளே இருந்த பாலை நான் கவனிக்கவில்லை.

எங்கள் இரண்டு வயதுப் பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு வாந்தி, பிறகு ரத்தமாக வயிற்றுப்போக்கு. அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வாடிய கீரைத்தண்டு மாதிரி கிடந்தாள். குளுக்கோஸ் ஏற்ற நரம்பு கிடைக்காமல் நர்ஸ் அவள் கையைத் தட்டித் தட்டித் தேடினார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

என்ன கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். பச்சைப் பால் என்றாள் மனைவி. அதில் கிருமி இருக்கும், சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சாமல் கொடுக்கலாமா என்று அவர் கடிந்துகொண்டார். மனைவி என்னைக் காட்டினாள்.

“கெடுதல்னு நினைக்க இடமில்லைன்னு இவர் ஆபீஸ்லயே போட்டிருக்காங்க, டாக்டர். எழுதினதே இவர்தான். அதை நம்பித்தான் குடுத்தேன்.”

டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

பாப்பா பசிக்கிறது என்று அழுத அன்றுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. நேரே அலுவலகம் போய், ‘பாலைக் காய்ச்சிக் கொடுங்கள்’ என்று எழுதி நீட்டினேன். மேலதிகாரியின் முகத்தில் உண்மையான வருத்தம்.

“இப்படிப் புரியற மாதிரி எழுதினா, அப்புறம் நாம எதுக்குன்னு கேக்க மாட்டாங்களா?”

திருத்தத்தை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டது. குழுவின் தலைவர் அவர், செயலாளர் நான்.

பொறுக்கமாட்டாமல் அதே வரியைக் கைப்பட எழுதி, எங்கள் குடியிருப்பு வாசலில் ஒட்டினேன். மாலையில் வந்தபோது, எதிர்வீட்டு அக்கா அதைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தார். இடுப்பில் பிள்ளை, கையில் பாட்டில். ஏன் கிழிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“எவனோ வதந்தி கிளப்புறான் தம்பி. கவர்மென்ட் சொன்னதுன்னா படிச்ச உடனே புரியுமா?”