அலோஹாவும் பாயின் மூக்கும்

ஒரு சொல்லின் வேர் தெரிந்துவிட்டால் அதைப் பேசும் மனிதரையே தெரிந்துவிட்டதாக ஒரு காலத்தில் நம்பினேன். அதற்கு அடிபட்டது என் முதலாளியின் மூக்கு.

எழுபதுகளின் கடைசி. ஆம்பூர் தோல் தொழிற்சாலை ஒன்றில் ஏற்றுமதிக் கடிதங்கள் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். ஹவாயிலிருந்து ஒருவர் தோல் செருப்பு வாங்க வருவதாகத் தந்தி வந்தது. (ஹவாய் என்றால் எங்களுக்கு ரப்பர் செருப்புதான்.) அந்த ஆர்டர் தவறினால் தையல் பிரிவில் பாதிப் பேருக்கு வேலை இல்லை. நாங்கள் ‘பாய்’ என்றழைக்கும் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, அவங்க ஊர்ல சலாம் எப்டி சொல்வாங்க? பாத்துட்டு வா.”

வேலூர் நூலகத்தில் ஒரு பழைய பயண நூல் அகப்பட்டது. ‘அலோஹா’ என்றால் அன்பு. வரவேற்கவும் விடைபெறவும் அதே சொல். ‘அலோ’ முகம், ‘ஹா’ மூச்சு. மூக்கோடு மூக்கு வைத்து மூச்சைப் பகிர்வதுதான் அலோஹா என்றது நூல். (பின்னாளில் பத்திரிகை ஆசிரியரானேன். இன்று ஒரு நிருபர் இப்படி எழுதித் தந்தால், இன்னொரு ஆதாரம் கேட்டுத் திருப்பி அனுப்புவேன்.)

“மூக்கா? கை குடுத்தா பத்தாதா?” என்றார் பாய்.

“மரியாதையா இருக்காது பாய்.”

“வெங்காயம் தின்னுட்டு மூச்சு வுட்டா, வர்ற ஆர்டரும் பூடும்” என்றார் தையல் பிரிவு மேஸ்திரி.

விருந்தாளி வரும் நாளன்று மதியம் பிரியாணிக்குப் பாய் வெங்காயப் பச்சடியைத் தொடவில்லை.

வந்தவர் ஒல்லியான மனிதர். பாய் கண்ணை மூடி, “அலோஹா” என்று முகத்தை நீட்டினார். அதே நொடியில் விருந்தாளி இடுப்பு வளையக் குனிந்தார். நெற்றி மூக்கில் மோதியது. சட்டையெல்லாம் ரத்தம். தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

தன் கைக்குட்டையைப் பாயின் மூக்கில் அழுத்திப் பிடித்தபடி அவர் ஆங்கிலத்தில் விளக்கினார். அவருடைய தாத்தா ஜப்பானிலிருந்து ஹவாயின் கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர். வீட்டில் குனிந்து வணங்கித்தான் பழக்கம். அலோஹா அவர்களுக்கும் சொந்தமான சொல்தான். பாய் ஏன் முகத்தை நீட்டினார் என்று நானும் விளக்கினேன். “அந்த மூச்சுக் கதையை எங்கள் பக்கத்து வீட்டு ஹவாய் மொழி ஆசிரியர் ஏற்கமாட்டார். யாரோ பிற்பாடு சொல்லைப் பிரித்துச் செய்த கதை என்பார்.”

அவருடைய ஜப்பானியப் பெயரை நானே மூன்று கடிதங்களில் தட்டச்சு செய்திருந்தேன். சொல்லைப் பிரித்துப் பார்த்த நான் பெயரைப் படிக்கவில்லை.

ஆர்டர் கிடைத்தது. “மூக்குல ரத்தம் வந்தும் பாய் சிரிச்சாரே, அதான் அவரு குடுத்தாரு” என்றார் மேஸ்திரி. பாயின் மூக்கு மட்டும் கடைசிவரை லேசாக இடப்பக்கம் சாய்ந்தே இருந்தது.

இப்போதும் வீட்டில் ஏதாவது சொல்லுக்கு நான் மூலம் சொல்ல ஆரம்பித்தால், என் மனைவி மருமகனை எச்சரிப்பாள்: “மாப்ள, தள்ளி நின்னு கேளுங்க. மூக்கு பத்திரம்.”