துப்பாக்கியை மரியாதையாக இறக்கியது

கத்தியை ஒருவரிடம் நீட்டும்போது பிடி அவர் பக்கமும் கூர் நம் பக்கமும் இருக்க வேண்டும். இது நல்ல பழக்கம். இந்த நல்ல பழக்கத்தால்தான் நான் ஒருமுறை சாகப் பார்த்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என்னுடைய கெட்ட பழக்கங்களால் எனக்கு இதுவரை ஒரு இருமல்கூட வந்ததில்லை.

அப்போது நான் பாரிஸில், லா ஷப்பலில் ஓர் ஐந்தாம் மாடி அறையில் குணம் அண்ணையோடு குடியிருந்தேன். நகரின் மறுகோடியில் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. (ஊருக்குப் போனில் கதைக்கும்போது அது 'ஹோட்டல் நிர்வாகம்'.) கலியாணம் கட்டி ஒன்றரை வருடமாகியும் என் மனைவி சுமதி கிளிநொச்சியில் இருந்தாள். அவளை இங்கே கூப்பிட வேண்டுமானால் எனக்கு நிரந்தர வேலை ஒப்பந்தம் வேண்டும். அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் பத்ரோன், அதாவது முதலாளி. அந்தத் தாள் அவருடைய மேசை லாச்சியில் நாலு மாதமாகக் கிடந்தது. கேட்டால் "பார்க்கலாம்" என்பார். பார்க்காமலே வீட்டுக்குப் போய்விடுவார்.

இலையுதிர்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஞாயிறு தன்னோடு பன்றி வேட்டைக்கு வர முடியுமா என்று பத்ரோன் கேட்டார். வழக்கமாகப் பை தூக்க வரும் மருமகனுக்குக் காய்ச்சலாம். வேட்டை அனுமதி அவருக்கு மட்டும்தான், நான் துப்பாக்கியைத் தொடக்கூடாது, சாப்பாட்டுப் பையைத் தூக்கினால் போதும் என்றார். நான் அறைக்கு ஓடிவந்து குணம் அண்ணையிடம் கேட்டேன்.

"போடா. கையெழுத்துப் போடுறவன் காட்டுக்குக் கூப்பிட்டால் காட்டுக்குப் போகவேணும்."

"துவக்குச் சத்தம் எண்டாலே எனக்குப் பயம், அண்ணை."

"நீயே சுடப்போறாய்? பையைத் தூக்கு, சிரி, 'உய்' எண்டு ஓம் சொல்லு. வேறொண்டும் செய்யாதை."

இந்த மூன்றோடு நான் நிறுத்தியிருக்கலாம்.

பாரிஸிலிருந்து இரண்டு மணி நேரம் காரில் போனோம். காட்டுக்குள் ஒரு பெரிய மரத்தில், ஒன்றரை மாடி உயரத்தில், தகரக் கூரை போட்ட பரண். ஏற ஒரு மர ஏணி. பரணிலிருந்து ஒரு கயிறு தொங்கியது. பத்ரோன் கீழே நின்று தன் தகப்பன் காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கியை நடுவில் மடித்துத் திறந்து, இரண்டு குழலும் வெறுமை என்று எனக்குக் காட்டினார். குழல் தரையைப் பார்க்கும்படி, தோளில் வைக்கும் கட்டைப் பக்கத்தில் கயிற்றைக் கட்டினார். என்னைப் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்து வெறுங்கையோடு ஏறினார். மேலே உட்கார்ந்த பிறகுதான் துப்பாக்கியை இழுத்தெடுத்தார். அவிழ்த்த பிறகுதான் தோட்டா போட்டார்.

ஏணியில் இருக்கும்போது கையில் துப்பாக்கி கூடாது, கயிற்றில் தொங்கும்போது அதற்குள் தோட்டா கூடாது, குழல் எந்த மனிதனையும் பார்க்கக் கூடாது என்று மேலிருந்து பாடம் வேறு எடுத்தார். எல்லாவற்றுக்கும் நான் "உய், ஷெஃப்" என்றேன். மனதுக்குள் வேறு ஓடியது. கட்டை தனக்கு, குழல் கீழே நிற்கிற எனக்கா? இவ்வளவு பெரிய மனிதருக்கு இந்தச் சின்ன மரியாதை தெரியவில்லையே என்று வருத்தப்பட்டுக்கொண்டே ஏறினேன்.

மூன்று மணி நேரம் பரணில் குந்தியிருந்தோம். பன்றி வரவில்லை. குளிர் மட்டும் வந்தது. பத்ரோன் போத்தலில் கொண்டுவந்த கோப்பியை நாலு தரம் ஊற்றிக் குடித்தார். பதினொரு மணிக்குக் கோப்பி தன் வேலையைக் காட்டியது. அவசர அவசரமாக இரண்டு தோட்டாவையும் உருவி என் உள்ளங்கையில் வைத்து, "சட்டைப் பையில் போடு. துப்பாக்கியைத் தொடாதே" என்று சொல்லி, துப்பாக்கியைத் திறந்தபடியே மூலையில் சாத்திவிட்டு இறங்கி, பக்கத்துப் பற்றைக்குள் மறைந்தார். திரும்பி ஏறி வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் இறங்கிய அவசரத்தில் அவருடைய முழங்கால் பிடித்துக்கொண்டது.

"என்னால் ஏற முடியாது," என்று பற்றைக்குள்ளிருந்து கத்தினார். "துப்பாக்கியைக் கயிற்றில் கட்டி இறக்கு. காலையில் காட்டினேனே, அப்படியே!"

காட்டினார்தான். நான் சில திருத்தங்களோடு செய்தேன்.

முதல் திருத்தம் தோட்டா. என் மேற்சட்டைப் பையில் ஓட்டை. அதற்குள் போட்டால் காட்டுக்குள் தொலைந்துவிடும், பத்ரோன் கோபிப்பார். ஒரு பொருள் எங்கே இருந்ததோ அங்கேயே வைப்பதுதான் பத்திரம் என்று நினைத்து, இரண்டையும் குழலுக்குள் திரும்பப் போட்டேன். (இதைப் பெருமையோடு செய்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.) இரண்டாவது, எங்கள் சமையலறையில் எதையும் திறந்தபடி வெளியே அனுப்பக் கூடாது. ஆகவே துப்பாக்கியை நிமிர்த்தி மூடினேன். டக்கென்று அழகாகப் பூட்டிக்கொண்டது. மூன்றாவது திருத்தம்தான் என் சொந்தக் கண்டுபிடிப்பு. காலையில் போல இறக்கினால் குழல் பத்ரோனைப் பார்க்கும். கையெழுத்துப் போட வேண்டிய கை அல்லவா கீழே இருக்கிறது! கட்டை அவருக்கு, குழல் எனக்கு என்று திருப்பி, குழலின் வாய்ப்பக்கம் கயிற்றை இறுக்கிக் கட்டினேன். குணம் அண்ணையின் குளிர்ப்பெட்டியையே ஐந்தாம் மாடி யன்னலால் கயிறு கட்டி ஏற்றியவன் நான். முடிச்சில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

குனிந்து, குழலுக்கு நேர் மேலே தலையை வைத்து, இறக்கத் தொடங்கினேன்.

"மெதுவா வருது, ஷெஃப்!"

பற்றைக்குள்ளிருந்து பத்ரோன் நிமிர்ந்து பார்த்தார். துப்பாக்கி மூடியிருப்பதைக் கண்டார். குழல் எங்கே பார்க்கிறது என்பதையும் கண்டார். அப்படியொரு முகத்தை நான் அதற்குப் பிறகு எந்த மனிதரிடமும் கண்டதில்லை. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி வீசினார். (அதுவரை அந்தக் கைகள்தான் காற்சட்டையைப் பிடித்திருந்தன.) திரும்ப மேலே தூக்கச் சொல்கிறார் போலிருக்கிறது என்று நான் கயிற்றை வேகமாக இழுத்தேன். ஏணியில் துருத்திக்கொண்டிருந்த ஓர் ஆணி விசையில் மாட்டியது.

வெடித்தது.

என் இடது காதோரம் ஏதோ சூடாகப் போனது. தலைக்கு மேலே தகரம் அலறியது. பிறகு எதுவும் கேட்கவில்லை. கயிறு என் கையில் இல்லை. கீழே துப்பாக்கி சேற்றில் கிடந்தது, அதற்குப் பக்கத்தில், பற்றையோரம், பத்ரோன் குப்புறக் கிடந்தார். அண்ணாந்து பார்த்தேன். கூரையில் வட்டமாக ஒரு ஓட்டை, அதற்குள் கொஞ்சம் வானம். நான்கு விரல் தள்ளி என் தலை இருந்தது. துவக்குச் சத்தத்துக்குப் பயந்து ஊர் ஊராக ஓடி, கடைசியில் நாட்டையே விட்டு ஓடிவந்தவன் நான். பிரான்ஸில் என்னைக் குறிபார்த்த முதல் ஆள் நானேதான்.

பத்ரோன் தலையைத் தூக்கினார். அவருடைய வாயசைவைப் பார்த்துத்தான் கேள்வியைப் புரிந்துகொண்டேன்.

"உயிரோடு இருக்கிறாயா?"

"உய், ஷெஃப்."

முதலில் துப்பாக்கியைத் திறந்து மற்றத் தோட்டாவை எடுத்தார். பிறகுதான் காற்சட்டையைத் தூக்கினார். நான் ஏணியால் இறங்க அரை மணி நேரம் பிடித்தது, அதற்குள் காது கொஞ்சம் கேட்கத் தொடங்கியிருந்தது. இனி வேலையும் இல்லை, சுமதியும் வரமாட்டாள் என்று தீர்மானித்துக்கொண்டு அவர் முன்னால் நின்றேன். அவர் ஏசவில்லை. சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உன்னிடம் விட்டுப் போனது என் பிழை," என்றார். "உன் மனைவிக்கு நான் என்ன சொல்லியிருப்பேன்? அவளுடைய பெயர்கூட எனக்குத் தெரியாது."

"சுமதி."

இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார், இரண்டு தரமும் பிழையாக. திங்கட்கிழமை நான் கோப்பை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒப்பந்தத் தாள் இருந்தது. கையெழுத்தோடு.

சுமதி வந்து சேர்ந்த முதல் மாதமே பத்ரோன் பூங்கொத்தோடு ரூ பஜோல் தெருவுக்குப் பக்கத்திலிருந்த எங்கள் புது வீட்டுக்குச் சாப்பிட வந்தார். வடையைக் கடித்தபடி அவளுக்கு அந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினார். அவளுக்கு அப்போது பிரெஞ்சில் 'போன்ஜூர்' மட்டும்தான் தெரியும். மொழிபெயர்க்க வேண்டியவன் நான்.

மனுசன் நடித்தே காட்டினார். கையை வீசினார், நிலத்தில் விழுந்தார், "பூம்" என்றார். நான் என்ன செய்ய? "திடீரெண்டு ஒரு பெரிய பண்டி பாஞ்சு வந்தது," என்றேன். "பத்ரோன் விழுந்திட்டார். நான் பரணிலயிருந்து ஒரே வெடி. பண்டி ஓடிட்டுது." நடிப்பும் கதையும் கச்சிதமாகப் பொருந்தின. சுமதி கண் கலங்கினாள். தன் உயிரைக் காப்பாற்றியவனின் மனைவி என்பதால்தான் பூ கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்து, அவருக்கு இன்னும் மூன்று வடை வைத்தாள். ஆறு வருடம் நான் அந்த வீட்டில் வீரனாக வாழ்ந்தேன்.

அதற்குள் அவள் பிரெஞ்சு வகுப்புக்குப் போய், என்னைவிட நன்றாகப் பேசப் படித்துவிட்டாள். மகளின் ஐந்தாவது பிறந்தநாளுக்கு வந்த பத்ரோன், வந்திருந்தவர்கள் நடுவில் பழைய கதையை மறுபடி எடுத்தார். நான் கேக் வெட்டலாம் என்றேன், ஒருவரும் கேட்கவில்லை. தோட்டாவைத் திரும்பப் போட்டது, குழலைத் திருப்பிக் கட்டியது, கூரை ஓட்டை, ஒன்றும் விடவில்லை. சுமதி கடைசிவரை கேட்டாள். எல்லோரும் போய்க் கதவைச் சாத்தியதும் என்னிடம் திரும்பினாள்.

"பண்டி எங்கையப்பா?"

கிட்ட வந்து என் இடது காதைத் தொட்டுப் பார்த்தாள். "நாலு விரல்," என்றாள். "ஆறு வருசமா எனக்குத் தெரியாமல் போச்சே." பிறகு கதிரையில் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டிருக்கும்போதே சிரிப்பும் வந்துவிட்டது. எனக்குத்தான் இரண்டும் வரவில்லை.

போன கிழமை நான் குடியுரிமை நேர்முகத்துக்குப் போய் வந்தேன். சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்னமே, "எல்லாக் கேள்விக்கும் டக்டக்கெண்டு பதில் சொன்னன். அந்த மனுசி அசந்து போச்சு," என்றேன். மகள் தாயைப் பார்த்தாள். சுமதி அடுப்பிலிருந்து திரும்பாமலே கேட்டாள்:

"அங்கையும் பண்டி வந்ததோ?"