மீன்களுக்கு எடுத்த ஆரத்தி

பம்ப் ரிப்பேர் பார்த்துப் பிழைக்கிறவனுக்கு உலகத்தில் எல்லாமே பிரஷர் குறைவாக ஓடுவதாகத்தான் தோன்றும். குளியலறை ஷவரில் ஆரம்பித்துக் கல்யாண வீட்டு நாதஸ்வரம் வரைக்கும், 'இன்னும் கொஞ்சம் ஏத்தி விடலாமே' என்று கை பரபரக்கும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்புத் தொழிற்சாலையின் மெயின்டனன்ஸ் பிரிவில் பம்புகளோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்த எனக்கு அந்த வியாதி முற்றிப்போயிருந்த காலத்தில்தான், வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி வைக்கிற ஆசை வந்தது.

சாதாரண மீன்தொட்டி என்று நினைத்துவிடாதீர்கள். (நினைத்தால் எனக்குக் கோபம் வரும். இன்றைக்கும் வரும்.) பாறை, பவளம், அலை எல்லாம் வைத்து ஒரு துண்டுக் கடலையே கண்ணாடிக்குள் வளர்க்கிற வேலை அது. பவளம் என்றதும் பயப்பட வேண்டாம். கடலில் உடைத்து எடுத்தது இல்லை, பண்ணையில் வளர்த்து விற்பதை வாங்கியது. வனத்துறை ஜீப்பில் ஏறுகிற அளவுக்கெல்லாம் எனக்குத் தைரியம் கிடையாது.

முதன்முதலில் குழாய்த் தண்ணீரில் கல்லுப்பைக் கரைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி வாணி எட்டிப் பார்த்து, "இது மீனுக்கா, ஊறுகாய்க்கா?" என்று கேட்டாள். அவள் அதே தொழிற்பேட்டையில் ஒரு மருந்து கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். சோற்றுத் தண்ணீரைக்கூட ஒரு தரம் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கொட்டுவாள். கல்லுப்பு சாக்கடைக்குப் போனது. பிறகு பழவேற்காட்டில் படகு வைத்திருக்கும் நண்பர் ஒருவர் ஆழத்துக்குப் போகும்போதெல்லாம் கேன்களில் கடல்நீர் மொண்டுவந்து கொடுத்தார். சின்னத் தொட்டி உயிர் பெற்றது. ஆரஞ்சுச் சட்டையில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஒரு ஜோடி, மீசை வைத்த இறால் ஒன்று, பொத்தான் பொத்தானாக விரியும் பவளம் கொஞ்சம். அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டால் ரசம் சாதம்கூட எனக்கு நட்சத்திர ஓட்டல் சாப்பாடாக இறங்கும்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பெரிய தொட்டி வேண்டும் என்று மனசு அரிக்க ஆரம்பித்தது. ஹாலில் அதற்கு இருந்த ஒரே இடத்தில் வாணியின் ஷோகேஸ் நின்றுகொண்டிருந்தது. அது அவள் அம்மா வீட்டுச் சீர். மாதக்கணக்கில் கெஞ்சிய பிறகு ஒருநாள் இறங்கி வந்தாள்.

"சரி, எடுத்துக்கோங்க. ஆனா ஒண்ணு. மாத்துறப்ப ஒரு மீன் செத்தாலும் தொட்டி வெளியே, என் ஷோகேஸ் உள்ளே. அப்புறம் இந்த ஊட்ல மீனுன்னா அது கொழம்புல மட்டும்தான்."

"ஒண்ணும் சாவாது. நான் இன்னா நேத்தா பம்ப் மாட்ட ஆரம்பிச்சேன்?" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். (அந்த நெஞ்சை இப்போது நினைத்தால் நாலு தட்டுத் தட்டலாம் போலிருக்கிறது.)

பெரிய தொட்டி வந்தது. அதன் காலடியில், ஸ்டாண்டுக்குள், வடிகட்ட ஒரு சின்னத் தொட்டி. அங்கே சேரும் தண்ணீரை ஒரு பம்ப் மறுபடி மேலே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கடைக்காரர் கைக்கு அடக்கமாக ஒரு பம்பைக் காட்டினார். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் கம்பெனியில் அதைவிடப் பெரிய நட்டு இருக்கிறது. "இதுலயே பெருசா காட்டுங்க" என்றேன். காட்டினார். "இன்னும் பெருசு?" அவர் பரணிலிருந்து இறக்கி, "சார், இது பெரிய பண்ணைத் தொட்டிக்குப் போடறது" என்றார். "பரவால்ல, கட்டுங்க" என்றேன்.

மீன்களும் பவளமும் பழைய குட்டி பம்போடு முந்தின நாளே புதுத் தொட்டியில் குடியேறிவிட்டன. பெரிய பம்பை மட்டும் ஓட விடவில்லை. ஏனென்றால் எங்கள் கம்பெனி வழக்கத்தைச் சொல்ல வேண்டும். புது மெஷின் எதுவானாலும் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, கற்பூரம் சுற்றுகிற அந்த நொடியில்தான் ஒருவர் பச்சை பட்டனை அமுக்குவார். மெஷின் உறுமும். எல்லோரும் கை தட்டுவோம். பல வருஷமாக அந்தப் பச்சை பட்டன் பாபுவின் பொறுப்பு. பாபு என் ஷிப்ட்காரன், என் உயிர் நண்பன், அமுக்குகிற விஷயத்தில் கைராசிக்காரன்.

'என் தொட்டி மட்டும் இன்னா மட்டமா?' என்று எனக்குத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் மொத்தத்தையும் சாப்பாட்டுக்கு அழைத்தேன். மீன்களுக்குக் கிரகப்பிரவேசம் என்று வாட்ஸ்அப்பில் பத்திரிகையே போட்டேன். ஆரத்தி எடுக்க ஊத்துக்கோட்டையிலிருந்து அமுதா அக்காவை வரவழைத்தேன். அமுதா என் உடன்பிறந்த அக்கா. எங்கள் சொந்தத்தில் யார் வீட்டு விசேஷமானாலும் ஆரத்தித் தட்டு அவள் கையில்தான். கடையில் விற்கிற கலர்ப் பொடியைத் தொடவே மாட்டாள். மஞ்சளும் சுண்ணாம்பும் அவளே குழைத்து, ரத்தச் சிவப்பாக, தட்டு தளும்பத் தளும்பக் கரைப்பாள்.

அக்கா தொட்டியைக் குனிந்து பார்த்தாள். "இன்னாடா நைனா, பொண்ணு இம்மாம் பெருசா கீது, மாப்ள சுண்டக்கா மாதிரி கீறான்?"

"இந்த மீனுல அப்படித்தான்க்கா. பொம்பளதான் பெருசு."

"எந்த ஊட்லதான் இல்ல?" என்றபடி தட்டைத் தூக்கினாள். ஷிப்ட் சிரித்தது. பாபு சுவிட்ச் அருகில் கையைக் கட்டிக்கொண்டு பவ்யமாக நின்றான்.

போட்டோவில் தட்டும் மீனும் சேர்ந்து விழ வேண்டும் என்பதற்காக மூடியை எடுக்கச் சொன்னதும் நான்தான். அக்காவை ஸ்டூலில் ஏற்றி, தட்டைத் தொட்டிக்கு மேலேயே சுற்றச் சொன்னதும் நான்தான். பூஜைக்கு முன்னால் ஓட்டிப் பார்க்கக் கூடாது என்று டிரையல் பார்க்காமல் விட்டதும், குழாயின் வளைவை ஒட்டாமல் சும்மா செருகி வைத்ததும் நானேதான். வேறு யார் மேலாவது பழி போட முடியுமா என்று பல நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன். வழியில்லை.

அக்கா வெற்றிலை மேல் கற்பூரத்தை ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றினாள். கற்பூரத்தைப் பார்த்த பாபுவின் விரல் பழக்க தோஷத்தில் சுவிட்சைத் தட்டிவிட்டது.

பண்ணைக்குப் போக வேண்டிய பம்ப் உறுமியது. செருகியிருந்த வளைவு பிடுங்கிக்கொண்டு சீலிங்கில் போய் மோத, குழாயிலிருந்து கடல் கிளம்பி அக்காவின் முகத்தில் அறைந்தது. "ஐயோ, யம்மா!" என்று கையை உதறினாள். தட்டு தலைகுப்புறத் தொட்டிக்குள் போனது. கம்பெனி வழக்கம் விடுமா, பின்வரிசையில் இரண்டு பேர் கை தட்டினார்கள்.

பாபு சுவிட்சை அணைத்தான். தொட்டி முழுக்கச் சிவப்பு. மீனும் தெரியவில்லை, பாறையும் தெரியவில்லை. வெற்றிலை மட்டும் மேலே மிதந்தது. எனக்குக் கை கால் ஓடவில்லை. தொட்டி போகும், மானம் போகும் என்பதெல்லாம் அப்புறம். அந்த இரண்டு சின்ன ஜீவன்கள் என்னை நம்பி வீடு மாறி வந்தவை.

சத்தம் கேட்டு வாணி கரண்டியோடு சமையலறையிலிருந்து வந்தாள். திட்டுவாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திட்டவில்லை. "அக்கா, தட்டுல இன்னா கலந்தீங்க?" என்றாள்.

"மஞ்சளும் சுண்ணாம்பும்தாம்மா. சத்தியமா வேற ஒண்ணும் இல்ல" என்றாள் அக்கா, சொட்டச் சொட்ட.

தண்ணீர் சோதிக்கிற என் பெட்டியைத் திறந்து வாணி ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். "மஞ்சள் வெறும் கலர்தான். சுண்ணாம்புதான் ஆபத்து. பி.எச். எகிறிப்போச்சு" என்றவள் திரும்பி, "சோடா! வெறும் சோடா எடுத்துக்கினு வாங்க, சீக்கிரம்!" என்று கத்தினாள்.

சாப்பாட்டுக்கு வந்தவர்களுக்காகச் சோடா வாங்கி வைத்திருந்தேன். பாபு பாய்ந்து ஒரு பாட்டிலை உடைத்துக்கொண்டு வந்து, ஏற்கெனவே நனைந்திருந்த அக்காவின் முகத்தில் பளார் பளாரென்று தெளித்தான்.

"அடப்பாவி, நான் இன்னாடா மயக்கம் போட்டா கெடக்கறேன்?" என்று அலறினாள் அக்கா.

"அக்காவுக்கு இல்ல, தண்ணிக்கு!" என்று பாட்டிலைப் பிடுங்கினாள் வாணி. "சோடாவுல இருக்கற கேஸு சுண்ணாம்பை அடக்கும்." குட்டி பம்ப் ஓடிக்கொண்டிருந்த மூலையில் டம்ளர் டம்ளராக நிதானமாக விட்டாள். சோதிப்பாள், விடுவாள், மறுபடி சோதிப்பாள்.

"மீனுக்கு ஏப்பம் வருமா சிஸ்டர்?" என்று பாபு கேட்டான். வாணி அடுத்த பாட்டிலுக்குக் கையை நீட்டினாள்.

கலர் போக வேண்டுமே. வாணி ஒரு கணம் யோசித்துவிட்டு, அந்த வாரம்தான் சமையலறையில் மாட்டிய புது வாட்டர் பியூரிஃபயரைக் கழற்றச் சொன்னாள். அதற்குள் இருந்த கரி உருளையை நாங்கள் அறுத்தோம். (ஃபிட்டர்கள் கையில் ரம்பத்தைக் கொடுத்தால் துக்க வீட்டில்கூட முகம் மலர்ந்துவிடும்.) கரியைக் கழுவி, எனக்குப் பரிசாக வந்த புதுத் துண்டில் முடிந்து, பம்ப் ஓட்டத்தில் கட்டிவிட்டாள். மற்றவர்கள் போர்டிகோவிலிருந்த கடல்நீர்க் கேன்களைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்தார்கள். பாதித் தண்ணீரை வெளியே எடுத்தோம், பாதியை உள்ளே விட்டோம். கம்பெனியில் பிரேக்டவுன் வந்தால்கூட அந்தக் கூட்டம் அவ்வளவு ஒழுங்காக வேலை பார்த்ததை நான் கண்டதில்லை. பிரியாணி அடுப்பிலேயே ஆறிப்போனது. ஒருத்தனும் கேட்கவில்லை.

சாயங்காலத்துக்குள் சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் வெளிறியது. முதலில் இறால் மீசையை ஆட்டியது. பிறகு மாப்பிள்ளை பாறை இடுக்கிலிருந்து வந்தான். பொண்ணைக் காணோம்.

ஹாலே தேடியது. ஸ்டாண்டுக்கு அடியில், சோபாவுக்குப் பின்னால், ஈரமான மிதியடியை உதறிக்கூடப் பார்த்தாயிற்று. அக்கா திருத்தணி முருகனுக்கு முடி காணிக்கை நேர்ந்துகொண்டாள். (என் முடியை.) நான் தொட்டிக்குப் பின்னால், முன்பு ஷோகேஸ் நின்ற சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"இங்க கீறாங்க" என்றாள் வாணி. தொட்டியின் ஓரத்தில் தண்ணீர் கீழே வழிந்துபோகும் தடுப்புப் பெட்டிக்குள், கோபித்துக்கொண்டு தாய்வீடு போனவளைப் போல, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு மிதந்தாள் பொண்ணு. வாணி கரண்டியாலேயே ஏந்தி எடுத்துத் தொட்டியில் விட்டாள். ஷிப்ட் கை தட்டியது. இந்தத் தடவை சரியான நேரத்தில்.

"தொட்டி இருக்கட்டும்" என்றாள் வாணி, ஆறின பிரியாணியைப் பரிமாறிக்கொண்டே. "ஆனா இனிமே அதுல நீங்க கை வைக்கக் கூடாது. என் பொறுப்பு."

அப்படியே நடந்தது. பண்ணை பம்ப் பண்ணைக்கே போனது. கைக்கு அடக்கமான பம்ப் வந்தது. பவளத்துக்குச் சுண்ணாம்புச் சத்து தேவை, அளவாகக் கொடுத்தால் நல்லது என்று படித்துத் தெரிந்துகொண்டு, வாணி இன்றைக்கும் சுத்தமான சுண்ணாம்பைக் கரைத்து, தெளிந்த நீரைச் சொட்டுச் சொட்டாக விடுகிறாள். பவளம் பாறை கொள்ளாமல் படர்ந்து கிடக்கிறது. சென்னையிலிருந்து தொட்டி வளர்ப்பவர்கள் வந்து பார்த்துவிட்டு அவளிடம்தான் சந்தேகம் கேட்கிறார்கள். நான் டீ போட்டுக் கொடுப்பேன். எனக்கு அதில் ஒரு துளி வருத்தமில்லை, பெருமைதான் பொங்குகிறது.

சொந்தக்காரர்கள்தான் விடுவதாயில்லை. போன தை மாதம் அக்கா மகள் கல்யாணம். மண்டப வாசலில் பொண்ணு மாப்பிள்ளையை நிற்க வைத்து அக்கா தட்டைத் தூக்கினாள். உடனே கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "சுவிட்ச் கிட்ட யாரு நிக்கறதுன்னு பாருங்கடா!" எங்கள் பக்கம் மொத்தமும் விழுந்து விழுந்து சிரித்தது. அக்கா வீட்டுக்காரர் ஓடிவந்து என் கையையும் பாபு கையையும் பிடித்துத் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தினார். மாப்பிள்ளை வீட்டார் முழித்தார்கள். அக்காவே ஆரத்தியை நிறுத்திவிட்டு நடுவாசலில் முழுக் கதையையும் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அம்மா பதறிப்போய், "ஐயோ பாவம், அந்த மீனெல்லாம் செத்துப்போச்சா?" என்றார்.

"ஒண்ணுகூட சாவல!" என்றது எங்கள் கூட்டம், ஒரே குரலில். அதில் எல்லோரையும்விடச் சத்தமாகக் கேட்டது வாணியின் குரல்.