வேலாயுதம் விட்டுச் சென்ற பொருள்

என் கல்யாணம் நின்றுபோகப் பார்த்ததற்கு ஜாதகம் காரணமில்லை, சீதனம் காரணமில்லை. ஒரு மின்னஞ்சலின் தலைப்பு வரிதான் காரணம். அதை எழுதியவளும் நானேதான் (வேறு யார் மீதாவது பழியைப் போடலாமா என்று பல வருடம் யோசித்துப் பார்த்துவிட்டேன், ஆள் கிடைக்கவில்லை).

அப்போது நான் முதலாளி நிசாம் நானாவின் விடுதியில் வேலை பார்த்தேன். ஹட்டனிலிருந்து நோர்வூட் போகும் வழியில், நீர்த்தேக்கம் தெரியும் மேட்டில் ஆறு அறைகள், ஒரு சமையல்காரர், ஒரு கணினி. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து அந்தக் கணினிக்கு முன்னால் உட்காருவேன். ஆறு மாத கொம்பியூட்டர் கோர்ஸ் முடித்திருந்ததால், உலகத்தில் எனக்குத் தெரியாதது கொஞ்சம்தான் என்ற நினைப்பு இருந்தது.

அந்த மழைக்காலத்தில் ஆறு அறைகளும் காலி. பழைய விருந்தினர்களுக்கெல்லாம் மெயில் போடச் சொன்னார் நானா. "இலவச காலை உணவு, அரை விலை, உடனே வாருங்கள்" என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் தலைப்பு வைத்து, பின்னால் ஏழு ஆச்சரியக்குறி போட்டு அனுப்பினேன். ஒருவரும் பதில் போடவில்லை. சந்தேகம் வந்து எனக்கே ஒன்று அனுப்பிப் பார்த்தேன். கோடிக்கணக்கில் பரிசு விழுந்திருப்பதாகச் சொல்லும் கடிதங்களுக்கு நடுவே, ஸ்பேம் பெட்டியில் கிடந்தது.

"என்ன மகள், நம்ம கடிதத்த குப்பைக்குள்ளயா போடுறாங்க?" என்றார் நானா. முகம் சுண்டிப்போனது. இப்படியே போனால் விடுதியை மூடவேண்டியதுதான் என்று அவர் சமையல்காரரிடம் சொன்னதை நான் ஏற்கனவே கேட்டிருந்தேன்.

அன்று முழுக்க வீடியோ பார்த்தேன். வெள்ளைக்காரர் ஒருவர் பொறுமையாகப் பாடம் எடுத்தார். இலவசம் என்று எழுதாதே. ஆச்சரியக்குறி வைக்காதே. கடையின் பெயரில் அனுப்பாமல் ஒரு ஆளின் பெயரில் அனுப்பு. பெறுபவரின் பெயரைத் தலைப்பிலேயே போடு. தெரிந்தவர் எழுதியது மாதிரி இருக்கட்டும்.

நான் எப்போதும் நல்ல மாணவி. கோர்ஸில் படித்த வித்தையெல்லாம் காட்டி, அவரவர் பெயர் தானாக விழும்படி இப்படித் தலைப்பு வைத்தேன்: "இன்னார், நீங்கள் எங்கள் அறையில் ஒன்றை விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள்." திறந்தால் உள்ளே: "அது உங்கள் மனம். சீக்கிரம் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். காத்திருக்கிறேன். அன்புடன், புஷ்பலதா." (எழுதி முடித்ததும் எனக்கே புல்லரித்தது.) முகவரிப் பட்டியலில் இருந்த எல்லோரையும் தெரிவு செய்து, விடுதியின் மெயிலை விட்டு என் சொந்த மெயிலிலிருந்தே அனுப்பினேன். எனக்கு வந்த பிரதி நேராக இன்பொக்ஸில் போய் உட்கார்ந்தது.

அரை மணி நேரத்தில் தொலைபேசி அடித்தது. காலி நகரத்திலிருந்து ஒரு வயதான அம்மா. தலைப்பை மட்டும்தான் படித்திருந்தார். "என் பல்செட் கிடைத்துவிட்டதா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, தேடுகிறோம் என்றேன். அடுத்தது கொழும்பிலிருந்து ஒரு பெண், சிங்களத்தில். "என் கணவர் அந்த அறையில் எதை விட்டுவிட்டு வந்தார்?"

"மனதை" என்றேன். உண்மையைத்தானே சொன்னேன். தொலைபேசி பட்டென்று வைக்கப்பட்டது.

மூன்றாவது அழைப்பு என் அம்மா.

"அடியே, டயகம ஆளுங்களுக்கு என்னடி அனுப்பி வச்ச?"

இரண்டு வாரம் முன்பு டயகமயிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். என் ஜாதகத்தை அவருடைய மெயிலுக்கு விடுதிக் கணினியிலிருந்து நான்தான் அனுப்பியிருந்தேன். முகவரி அங்கேயே தங்கிவிட்டது. ஊரே "மாஸ்டர்" என்று எழுந்து நின்று கூப்பிடும் மனிதரை, "வேலாயுதம், நீங்கள் எங்கள் அறையில்..." என்று கூப்பிட்டிருக்கிறேன். அதை முதலில் படித்தது அவர் மனைவி.

மறுநாள் காலை இருவரும் விடுதிக்கே வந்துவிட்டார்கள். அந்த மெயிலைப் பார்த்துவிட்டு நேரில் வந்த முதல் ஆட்கள் அவர்கள்தான்.

"எந்த ரூம்மா அது?" என்றார் அந்த அம்மா. குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

மாஸ்டர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். "நேத்திலேருந்து எங்க வீட்ல அடுப்பு பத்த வைக்கல. கொஞ்சம் வெளங்கப்படுத்துங்க."

நிசாம் நானாதான் கணினியை அவர்கள் பக்கம் திருப்பி, மெயில் போனவர்களின் பட்டியலைக் காட்டினார். "இங்க பாருங்க தாயே. கண்டியில ஒரு பாதிரியாருக்கும் போயிருக்கு. அவரும் மனச விட்டுட்டுத்தான் போயிருக்காரு."

அந்த அம்மா பட்டியலை ஒரு பெயர் விடாமல் படித்தார். அப்படியும் ஆறு அறைகளையும் பார்த்தே தீருவேன் என்றார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார், அலுமாரியைத் திறந்தார். ஆறாவது அறையில் திரையை விலக்கியபோது பனி ஒதுங்கி நீர்த்தேக்கம் தெரிந்தது. கொஞ்ச நேரம் நின்றார். மெத்தையில் உட்கார்ந்து அழுத்திப் பார்த்தார்.

"கல்யாணத்துக்குக் கொழும்பிலேருந்து எங்க சொந்தக்காரங்க வருவாங்க. தங்க வைக்க எடமில்லாம இருந்தோம். ஆறு ரூமும் கிடைக்குமா?"

நானா இல்லை என்பாரா? நான்தான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அத்தை, அப்ப கல்யாணம்...?"

"ஒன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுதே. திட்டம் போட்டுத் தப்பு பண்ணுற புள்ள இல்ல நீ. சும்மாவே பண்ணுற புள்ள."

அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மாமாவாகிவிட்ட மாஸ்டரிடம் மட்டும் ஒரு சின்ன விளைவு மிச்சமிருந்தது. அன்றே கோபத்தில் என் மெயிலை அவர் ஸ்பேம் என்று குறித்துவிட்டாராம். கல்யாணத்துக்குப் பிறகு நானும் கணவரும் கொழும்பில் குடியிருந்தோம். எங்களுக்கு அங்கே மகள் பிறந்ததும் அவருக்கு நான் மூன்று முறை படம் அனுப்பினேன், ஒன்றும் வரவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு என் கணவர் டயகம போய்த் தேடி, அந்தப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார்.

அதிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் மாமா என்னை ஒரே மாதிரிதான் அறிமுகப்படுத்துகிறார்.

"இதுதான் எங்க மருமக. ஸ்பேம்லேருந்து எடுத்து வச்சிருக்கோம்."