வெண்மூக்கு மரநாய்

உலகத்தில் மிருகங்கள் தீர்ந்துபோயிருந்தன. மிருகம் இரை தேடுவதைப் பார்த்து, கம்ப்யூட்டர் சிறந்த வழியைத் தேடுகிற அல்காரிதம் எழுதுவதுதான் கம்ப்யூட்டர் துறையில் ஒரு கூட்டத்தின் பிழைப்பு. ஓநாய், திமிங்கலம், கரப்பான்பூச்சி வரை ஒவ்வொன்றையும் எவனோ எழுதிப் பேராசிரியராகிவிட்டான். நீஷ் நகரப் பல்கலைக்கழகத்து பிளாகோயேவுக்கு ஒரு புழுகூட மிஞ்சவில்லை. அவர் கையிலிருந்த அல்காரிதம் அரதப் பழசு. புது மிருகத்தின் தோலைப் போர்த்தினால்தான் விலைபோகும். கோடைக்குள் கட்டுரை வராவிட்டால் பேராசிரியர் பதவி கோவிந்தா.

"நம்ம வான்கோழியப் போடுங்களேன் மாப்பிள்ளை," என்றாள் மாமியார் தெசாங்கா.

"பிரேசில்காரன் போட்டுட்டான் அத்தை."

கடைசியில் அகப்பட்டது வெண்மூக்கு மரநாய். சுவா மலையில் அதைக் கண்டதாக எழுதியிருந்த ஒரே ஆள், அதே பல்கலைக்கழகத்து விலங்கியல் கிழவி வுகோசாவா.

'அது இரை தேடுவதை நேரில் கண்டு எழுதவும்' என்று ஆய்வுப் பத்திரிகை அவர் எழுதிய மரநாய்க் கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. பிளாகோயே கொட்டும் மழையில் மலையேறினார். சளி பிடித்தது, மரநாய் பிடிபடவில்லை.

மூக்கைச் சிந்திக்கொண்டே மாமியாருக்குப் பை தூக்கிச் சந்தைக்குப் போனார். தெசாங்கா ஒவ்வொரு பாலாடைக்கட்டிக் கடையிலும் ஒரு விள்ளல் ருசி பார்த்தாள், ஒவ்வொன்றையும் பழித்தாள். சந்தையையே கலக்கிவிட்டு முதல் கடைக்குத் திரும்பி, கடைக்காரி கண்ணைக் கசக்கும்வரை நகராமல் நின்று, பாதி விலைக்கு வாங்கினாள்.

பிளாகோயேவுக்குச் சளி பறந்துவிட்டது. மாமியார் கடை கடையாக அலைந்ததை அப்படியே எழுதி, வாலை மட்டும் சேர்த்தார்.

கட்டுரை அச்சில் வந்தது; கூடவே வினையும் வந்தது. பதவி உயர்வுக் கூட்டத்தில் டீன் சொன்னார்: "மரநாய் விஷயம் நமக்கென்ன தெரியும்? வுகோசாவா அம்மா படிச்சுப் பார்த்து, சரின்னு கையெழுத்துப் போடட்டும்."

கிழவி படித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். பிளாகோயேவைக் கையைப் பிடித்துத் தாழ்வாரத்துக்கு இழுத்துப் போனாள்.

"மறைக்காம சொல்லு தம்பி. இத நீ மலையில பார்த்தியா?"

பிளாகோயே குரலைத் தாழ்த்தினார். "இல்ல மேடம். சந்தையில. அது எங்க... மாமியார்."

"முதல் கடைக்கே திரும்புதுன்னு படிச்சதுமே நினைச்சேன்," என்றாள் கிழவி, பேனாவைத் திறந்தபடி. "வா, கையெழுத்துப் போடறேன். நான் எழுதின மரநாயும் என் மாமியார்தான்."