பிசின் ஒட்டாத ஒரே சீட்

இந்த வருஷம் மீன் பிடிக்கத் தனியாகத்தான் போவது என்று சபதம் எடுத்தேன். எங்கள் மினசோட்டாவில் மீன்பிடிப் பருவம் தொடங்குவதும் அன்னையர் தினமும் ஒரே வாரக்கடைசியில் வந்து தொலைக்கும். அந்தச் சாக்கில் போன வருஷம் என் மனைவி மார்லிஸும் படகில் ஏறினாள். அவள் தூண்டிலில் கூடை நிறைய மீன். என் தூண்டிலில் என் தொப்பி. சர்ச்சில் காபி குடிக்கும்போதெல்லாம் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

நல்ல வேளையாக ஒரு வழி பிறந்தது. படகைப் பைன் மரத்தடியில் நிறுத்தியிருந்தேன். மூடி வைக்கச் சொன்னாள் மார்லிஸ்; நான்தான் காதில் வாங்கவில்லை. நாலு சீட்டிலும் மரத்திலிருந்து சொட்டிய பிசின். ஈ உட்கார்ந்தால் அதோடு அதன் கதை முடிந்தது. மயோனைஸ் தடவி ஊறவிட்டுத் துடைங்க, அதுல இருக்கிற எண்ணெய் பிசினைக் கரைச்சிடும் என்றாள். துடைத்தேன். மாயமாகப் போய்விட்டது. அவள் மூளையே மூளை! ஆனால் என் சீட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை. படகு ஏரியில் தயாராக நின்றது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவளிடம் போனேன்.

"ஒரு சீட்தான் சுத்தமாச்சு மார்லிஸ். மத்ததுல பிசின் அசைய மாட்டேங்குது."

"மயோனைஸ் தீர்ந்துடுச்சா?"

"பாதி பாட்டில் இருக்கு. பிசினுக்குத்தான் பிடிவாதம்."

"உங்க படகாச்சே, பிடிவாதம் இல்லாம இருக்குமா?"

"அதனால ஒருத்தர்தான் போக முடியும். என்ன பண்றது?"

"நியாயம்தான். ஒருத்தர்தான் போக முடியும். நீங்க நிதானமா காபி போட்டுட்டு வாங்க."

இவ்வளவு சுலபமா என்று விசிலடித்தபடி காபி போட்டேன். பிளாஸ்க்கோடு படகுத்துறைக்கு வந்தால், படகு ஏரியில் கரையோர வீடுகள் நாலைத் தாண்டியிருந்தது. சுத்தமான சீட்டில் மார்லிஸ். பிசின் சீட் மூன்றையும் கழற்றித் துறையில் வரிசையாக வைத்திருந்தாள், பக்கத்திலேயே மயோனைஸ் பாட்டில்.

"அன்னையர் தினப் பரிசை ஒரு நாள் முன்னாடியே கொடுத்துட்டீங்க," என்று கத்தினாள். "சீட் பளபளன்னு இருக்குங்க. மத்ததையும் துடைச்சு வைங்க, நாளைக்கு என் தங்கச்சியும் வர்றா."

கோபப்படலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் தூண்டிலை வீசினாள். என்ன வீச்சு அது! கம்பு வளைந்தது, மீன் துள்ளியது, என்னையறியாமல் கைதட்டினேன். பொறாமையெல்லாம் போன இடம் தெரியவில்லை. வெயில் இதமாக ஏறியது. அவள் அடுத்த மீனை இழுக்கும் அழகை நன்றாகப் பார்க்கலாமே என்று பக்கத்திலிருந்த சீட்டில் உட்கார்ந்தேன்.

மதியம் அவள் வந்து, மயோனைஸ் தடவித்தான் என்னை எடுத்தாள்.